ஹோன் செத்த இடத்திலிருந்து பொத்துவில் வரை

கல்முனையிலிருந்து பொத்துவிலுக்கு நாற்பத்து நான்கு மைல். மோட்டார் சைக்கிளில் இரண்டு மணித்தியாலம் போதும். எங்களுக்கு ஐந்தேகால் ஆனது. அதில் ஒரு மணித்தியாலத்துக்கு நான் மட்டுமே பொறுப்பு. இதுவரை யாருக்கும் அதைச் சொன்னதில்லை.

எண்பத்து நான்கு, வைகாசி, ஒரு வியாழக்கிழமை. மாமி மகன், மச்சான் நவ்சாத் குவைத்திலிருந்து வந்து மூன்று வாரம். பொத்துவிலில் நிலபுலமுள்ள போடியார் ஒருவர் அவனைப் பார்க்க விரும்பினார். மகளுக்கு. அன்று அஸர் தொழுகை நேரத்தோடு வயல் வட்டைக்குப் போய்விடுவாராம். அங்கே போனால் வயல் வாடியில் பத்து நாள் தங்குவார். அதற்குள் வேறொரு இடத்திலிருந்தும் கேட்டு வருகிறார்கள். ஆகவே அஸருக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். துணைக்கு நான்.

இரண்டு வருடத்துக்கு முன் அதே போடியார் என்னைப் பற்றி எங்கள் உம்மாவிடம் விசாரித்திருந்தார். நான் அப்போது பேராதனையில் கடைசி வருடம், பௌதிகவியல். படிப்பு முடிந்தது. வேலை வரவில்லை. விசாரிப்பும் நின்றது. அந்தப் பிள்ளையை ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், கல்முனை பஸ் நிலையத்தில். வாப்பாவின் பின்னால் நின்று முந்தானையால் நெற்றியை ஒற்றிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். அவ்வளவும் எனக்கு ஞாபகம்.

பைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுநூற்றைம்பது சீசீ. நவ்சாத் கப்பலில் கொண்டுவந்தது. எங்கள் பக்கத்து மோட்டார் சைக்கிள்களில் தாங்கியிலிருந்து பெற்றோல் தானாக இறங்கும். இதில் தாங்கி தாழ்வு. சீட்டுக்கடியில் ஒரு மின்சாரப் பம்ப் பெற்றோலை கார்புரேட்டருக்கு அனுப்பும். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று கேட்கும், நிறைந்ததும் நிற்கும். எங்கள் சாய்ந்தமருதில் பாதிப் பேர் அந்தச் சத்தத்தைக் கேட்கவே வந்துபோனார்கள். அதனுடன் வந்த இங்கிலிஷ் புத்தகத்தை நவ்சாத் என்னிடம் தந்தான். "உனக்குத்தான் விளங்கும்." அவனுக்குப் பைக். எனக்குப் புத்தகம். வயர் வரைபடம் எனக்கு மனப்பாடம்.

காலை பத்தேகாலுக்குப் புறப்பட்டோம். காரைதீவு, நிந்தவூர், ஒலுவில். இடதுபக்கம் தென்னைகளுக்கிடையில் கடல், வலதுபக்கம் பச்சை. பதினாறாம் மைலில் அக்கரைப்பற்று, மணி பதினொன்று ஐந்து. தேத்தண்ணி, இரண்டு வாய்ப்பன், பெற்றோல். தாங்கியை இங்கேயே நிரப்புங்கள், இதற்கப்பால் பொத்துவில் வரை நம்பிக்கையில்லை. பெற்றோல் அடித்தவன் நவ்சாத்தை "சேர்" என்றான். என்னை "தம்பி, கொஞ்சம் விலகுங்க" என்றான்.

திருக்கோவிலைத் தாண்டியதும் எருமைகள். நவ்சாத் ஹோனை அழுத்தினான். சத்தமில்லை. வாயால் கத்தி அவற்றை விலக்கினான். ஒரு மைல் போயிருப்போம். எஞ்சின் இருமியது. இழுத்தது. நின்றது. மணி பன்னிரண்டு ஐந்து.

"பெற்றோல் இரிக்கி," என்றான் தாங்கியை ஆட்டி. "என்னடா இது?"

எனக்குத் தெரிந்துவிட்டது. ஹோனுக்கும் சிக்னலுக்கும் பம்புக்கும் ஒரே பியூஸ். புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கம். ஹோன் செத்தபோதே பம்பும் செத்துவிட்டது. கார்புரேட்டரில் மிஞ்சியிருந்ததில் ஒரு மைல் ஓடியிருக்கிறது.

"பிளக்கைக் கழட்டிப் பாப்பம்," என்றேன்.

நான்கு பிளக். ஒவ்வொன்றாகக் கழற்றவைத்தேன். அவன் புதிய வெள்ளைச் சேர்ட்டின் கையை மடித்துக்கொண்டு வேலை செய்தான். பொறி நன்றாக வந்தது. துடை என்றேன். துடைத்தான். திரும்பப் பூட்டு என்றேன். பூட்டினான். நிழலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவன் கொண்டுவந்து தந்த கடிகாரம்.

ஒரு மணிக்குப் பொத்துவில் பஸ் வந்தது. வேகம் குறைந்தது. கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி, "குவைத் குதிர படுத்துட்டா? ஏறுங்க, கயிறு கட்டி இழுப்பம்," என்றான். உள்ளே சிரித்தார்கள்.

நவ்சாத் என் தோளைத் தொட்டான். "நீ ஏறிப் போ மச்சான். போடியார்க்கிட்டப் போய் இரி. கதச்சிக்கிட்டிரி. நான் எப்படியும் வாறன் எண்டு சொல்லு."

அந்த வீட்டுக்கு நான் தனியாக. வாசலில் செருப்பைக் கழற்றி. உள்ளே கதவுச் சீலைக்குப் பின்னால் அவள். ஒரு மணித்தியாலமாக நான் விரும்பியது இதுதானோ தெரியாது. ஆனால் அவன் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. என்னை அங்கே அனுப்ப அவனுக்குப் பயமே இல்லை. நான் அவனுக்கு ஒரு போட்டியே இல்லை. அதுதான் சுட்டது.

கண்டக்டரிடம் போகச் சொன்னேன். பஸ் போனது.

"ஹோன அடிச்சிப் பாரு," என்றேன்.

இனிச் சொல்வது இப்படிப்பட்ட பைக் வைத்திருப்பவர்களுக்கு. பியூஸ் பெட்டி ஹாண்டிலுக்குக் கீழே. ஒன்று கருகியிருந்தது. மூடியின் உட்புறத்தில் மேலதிகமாக ஒன்று இருக்கும், ஒன்றே ஒன்று. அதை உடனே போடக்கூடாது. பியூஸ் சும்மா எரியாது.

"எரிஞ்ச பியூஸில சிகரட் ஈயத்தாளச் சுத்துவமா? குவைத்தில அப்பிடித்தான் செய்வாங்க."

"சுத்தினா வயர் எரியும். பிறகு பொத்துவிலுக்குத் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்."

பின் சிக்னல் பல்ப் ஒன்றை அதன் வயர்களோடு கழற்றி, பியூஸ் இருந்த இடத்தில் இரண்டு முனையையும் செருகினேன். பம்பின் வயரைப் பிரித்துவிட்டேன். சிக்னல் சுவிட்ச் நிறுத்தியிருந்தது. சாவியைத் திருப்பினான். பல்ப் எரிந்தது. எரியக்கூடாது. ஒன்றும் வேலை செய்யாதபோது மின்சாரம் எங்கேயோ இரும்பில் இறங்குகிறது. "பல்பப் பாத்துக்கிட்டே இரி. அணைஞ்சா சொல்லு." வயரை முன்னிருந்து பின்னுக்கு ஒவ்வோர் அங்குலமாக அசைத்து வந்தேன். சீட்டைக் கழற்றினோம். பம்புக்குப் பக்கத்தில் கை வைத்தபோது, "அணைஞ்சிட்டு," என்றான்.

கறுப்பு நூலால் வயரோடு சேர்த்து இறுக்கிக் கட்டிய ஒரு பித்தளைக் கூடு. சுண்டுவிரல் நீளம். இசும், ஓதிக் கட்டும் தாயத்து. அதிர்வில் அதன் விளிம்பு வயரின் உறையை அறுத்து, மறுபக்கம் சட்டத்தின் இரும்பில் முட்டிக்கொண்டிருந்தது.

நவ்சாத் கண்டதும் கையைப் பின்னுக்கு இழுத்தான். "வுளு இல்லாமத் தொடாத. உள்ள குர்ஆன் ஆயத் இரிக்கி."

"ஆரு கட்டின?"

"உம்மா. ஓதி வாங்கினவ. கண்ணூறுக்கு."

"ஆருட கண்ணுக்கு?"

"ஊர்க் கண்ணுக்கு." பல்பைக் கழற்றிக் கையில் உருட்டினான். "உன்ட கண்ணுக்கும்தான். நான் சிரிச்சன். அவன்ட கண்ணால என்னம்மா வரும் எண்டு கேட்டன்," என்றான்.

நானும் சிரித்தேன். மாமியாவது என்னைக் கணக்கில் எடுத்திருக்கிறா.

களப்புத் தண்ணீர் முந்நூறு கெஜ தூரம். இருவரும் நடந்து போய்க் கை, முகம், கால் கழுவி வுளுச் செய்தோம். அங்கேயே புல்லில் லுஹர், பகல் தொழுகை, தொழுதோம். அவன்தான் தொழுவித்தான், நான் அவனுக்கு வலப்பக்கம் சற்றுப் பின்னால். அவனுடைய குதிகால்களில் எண்ணெய்க் கறை. தொழுகையில் அதைப் பார்க்கக்கூடாது. பார்த்தேன்.

நூலை நான்தான் அவிழ்த்தேன். கைலேஞ்சித் துணியைக் கிழித்து வயரில் சுற்றி, அதே கறுப்பு நூலால் கட்டினேன். பல்பைத் திரும்பச் செருகிப் பார்த்தேன், எரியவில்லை. பம்பைக் கொழுவி, பியூஸைப் போட்டேன். டிக் டிக் டிக். நின்றது. இரண்டே முக்கால்.

"இத எங்க வைக்கிற?" என்றேன் கூட்டைக் காட்டி.

"என்ட சேர்ட் முழுக்கக் கறுப்பு. நீ வெச்சிக்க."

என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என் கண்ணுக்கு எதிராக ஓதியது என் நெஞ்சோடு. அப்படியே கோமாரியைத் தாண்டினோம். இந்த இருபது மைலில் ஆளில்லை, காடும் யானை லத்தியும்தான்.

மூன்றரைக்குப் பொத்துவில். பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். போடியார் தொப்பியோடு வாசலில் இறங்கிவிட்டார். இன்னும் ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை.

"மச்சான்தான் சரிசெஞ்சான்," என்றான் நவ்சாத், இறங்குமுன்பே. "இல்லாட்டி நான் வந்திரிக்க மாட்டன்."

போடியார் என்னை அடையாளம் கண்டார். நன்றாகத்தான் சிரித்தார். "தம்பி, உத்தியோகம் ஒண்டும் சரிவரல்லையா இன்னும்?"

"இல்லை," என்றேன். சீலைக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பைகளின் சத்தம்.

ஆவணியில் நவ்சாத்துக்கும் அவளுக்கும் நிக்காஹ் முடிந்தது.

போகிறவர்களுக்கு: காலை ஏழுக்கு முன் புறப்படுங்கள். மாலை ஐந்துக்குப் பிறகு கோமாரி வீதியில் போகாதீர்கள். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குப் பகல் பஸ் பன்னிரண்டுக்கு, அதைவிட்டால் மூன்றரைக்கு. மின்சாரப் பம்ப் உள்ள பைக் என்றால் இரண்டு பியூஸ், ஒரு பல்ப், இரண்டு முழம் வயர், கொஞ்சம் டேப். சாவியைத் திருப்பியதும் பம்பின் சத்தத்தைக் கேளுங்கள். கேட்காவிட்டால் முதலில் ஹோனை அடித்துப் பாருங்கள், பிளக்கில் கைவைக்காதீர்கள். சீட்டுக்கடியில் எதையும் கட்டவேண்டாம்.

அந்தக் கூடு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மாமி கேட்கவில்லை, நவ்சாத் மறந்துவிட்டான். பைக் காவலில்லாமல் ஓடுகிறது. வெள்ளிக்கிழமைகளில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிறான். நான் பார்க்கிறேன். ஒவ்வொரு வெள்ளியும் பார்க்கிறேன். ஒருநாளும் அது நின்றதில்லை.