மகளிடம் கேட்ட கேள்வி

நான் பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடுகிறவன். எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது என் மனைவியைத் தலைவருக்கு நிறுத்தினேன், ஜெயித்தாள். ஐந்து வருஷமும் கிராம சபையில் யார் எதைக் கேட்டாலும் நான்தான் பதில் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவாள். அதில் தப்பிருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

மகள் பிளஸ் டூ முடித்ததும் கல்லூரிக் கலந்தாய்வுக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில் வழி முழுக்க ஒரு நோட்டை மடியில் வைத்திருந்தாள்.

"என்ன கோர்ஸும்மா வேணும்?" என்று பேராசிரியை அவளைத்தான் கேட்டார்.

அவள் வாய் திறப்பதற்குள், "பி.காம் போட்டுடுங்க மேடம்" என்றேன்.

"உனக்குச் சம்மதமாம்மா?"

மகள் தலையாட்டினாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து அந்த நோட்டைப் பிரித்தேன். அரசியல் அறிவியல் படிக்க மூன்று வருஷத்துக்கும் திட்டம் எழுதியிருந்தாள். எந்த வருஷம் என்ன பாடம், எந்தப் புத்தகம் எல்லாம் இருந்தது. கடைசி வருஷ ஆய்வுக்குத் தலைப்பு: 'தலைவரான என் அம்மா ஏன் பேசவில்லை?'

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே கண்ணு."

"அந்த மேடம் கேப்பாங்க, அப்ப சொல்லலாம்னு இருந்தேம்ப்பா."

மறுநாளே கல்லூரிக்கு ஓடினேன். அந்தப் பிரிவில் இடம் முடிந்திருந்தது.

இப்போது அவள் பி.காம் இரண்டாம் வருஷம். வீட்டுக்கு வருகிறவர்கள், "என்னம்மா படிக்கிற?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்க்கிறாள்.