சாக்ஸபோனில் ஒரு கசிவு

பேருந்துக் கதவு புஸ்ஸென்று மூடும்போதெல்லாம் அந்த மனிதர் நினைவுக்கு வருகிறார். ஸ்கூடாய் நகர அரங்கில் உலகப் புகழ்பெற்ற ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் வாசித்த மாலையில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர். பக்கத்து ஊரான செனாயில் உள்ள ஒரு தொழிற்சாலையின் சட்டையோடு, கண்ணை மூடி, ஒரு காதை மட்டும் மேடைப் பக்கம் சாய்த்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

இடைவேளையில் ரசிக மேதைகள் இரண்டாகப் பிரிந்தார்கள். தாழ்ந்த சுரங்களில் கேட்ட 'புஸ்' ஆன்மாவின் பெருமூச்சு என்றது ஒரு கட்சி. "கிழவருக்கு மூச்சு போயிருச்சு, டிக்கெட் வேஸ்ட்லா" என்றது இன்னொன்று. நான் பெருமூச்சுக் கட்சி. மறுநாள் பத்திரிகைக்குத் தரவேண்டிய விமர்சனத்துக்குத் தலைப்புகூட வைத்தாயிற்று.

"மூச்சு நல்லாத்தான் இருக்கு சார். வாத்தியத்துல கீழ ஒரு மூடி சரியா மூடல, காத்து லீக் ஆவுது" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். தொழிற்சாலையில் காற்றுக் கம்ப்ரசர் பழுது பார்ப்பவராம். நான் பெருந்தன்மையாகப் புன்னகைத்தேன்.

கடைசியில் கலைஞரே அந்த மூடியைத் தூக்கிக் காட்டி மன்னிப்புக் கேட்டார். இரண்டு கட்சிகளும் முன்பே தெரிந்ததுபோல் கைதட்டின. என் தலைப்பு செத்தது.

வாசலில் கம்ப்ரசர்காரரைப் பிடித்தேன். "அப்ப நல்லா வாசிச்சாரா, இல்லையா? நான் என்னதான் எழுதறது?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "லீக்கோடயே முழு ஷிப்டும் ஓட்டியிருக்காரு சார். நாங்களா இருந்தா லைனை நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிருப்போம்."