விசில் கைக்கு வந்த பிறகு

எங்கள் ஓய்வு பெற்றோர் சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலாவுக்கு ஒரு சர்வாதிகாரியை நாங்களே விரும்பி உருவாக்கிக்கொண்டோம். அதற்கான விதியை எழுதியவன் நான். அதில் எழுத்துப் பிழையோ சந்திப் பிழையோ கிடையாது என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன்.

காரணம் இல்லாமல் இல்லை. முந்தைய ஆண்டு இராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட எங்கள் வேன், கேட்டவர்களுக்கெல்லாம் நின்றது. நுங்குக்கு நின்றது, கருவாட்டுக்கு நின்றது, உறுப்பினர் ஒருவரின் சம்பந்தி வீட்டு வாசலில் காபிக்கும் நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சோதனைச் சாவடியில் காவலர் திருப்பி அனுப்பிவிட்டார். முனைக் கடலைப் பார்க்கப் போனவர்கள் கருவாட்டோடு வீடு திரும்பினோம். ஆகவே இம்முறை, "வண்டி எங்கே, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைப் பயணத் தலைவர் ஒருவரே முடிவு செய்வார், அவர் முடிவே இறுதியானது" என்று எழுதினேன்.

தலைவராக நான் முன்மொழிந்தவர் எங்களில் மிகச் சாதுவானவர். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். டீயில் சர்க்கரை போட மறந்திருந்தாலும் சொல்லாமல் குடித்துவிடுவார். எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்ங்கய்யா" என்பார். அதிகாரத்தை விரும்பாதவரிடம்தான் அதிகாரத்தை ஒப்படைக்க வேண்டும் என்று கூட்டத்தில் விரிவாகவே பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள். செயலாளர் ஒரு விசிலை அவர் கழுத்தில் மாட்டினார்.

புறப்படும்போது, "கிளம்பலாமாங்கய்யா?" என்று என்னிடம்தான் அனுமதி கேட்டார். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கு மாறியிருந்தார். உச்சிப்புளியில் டீ குடிக்க இறங்கினோம். டம்ளர் பாதி காலியாகுமுன் விசில் ஊதினார். சூடு ஆறட்டும் என்று சொன்ன ஓய்வு பெற்ற தலைமையாசிரியையிடம், "ஆத்திக் குடிக்கிறதெல்லாம் வீட்டுல வச்சுக்கங்கம்மா" என்றார். அந்த அம்மையாரை அதுவரை எவரும் அப்படி அதட்டியதில்லை.

எல்லோரும் வண்டியில் ஏறியதும், கடைவாசலிலேயே சன்னல் வழியாகக் காணிக்கைகள் தொடங்கின. சன்னலோர இருக்கை வேண்டியவர் நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தார். பழைய பாட்டுப் போட அனுமதி வேண்டியவர் இளநீர் வெட்டி வாங்கிக் கொடுத்தார். வேறொருவர், வீட்டிலிருந்து கொண்டுவந்த மோரைப் பாத்திரத்தோடு நீட்டினார். தலைவர் எதையும் மறுக்கவில்லை. மறுப்பது பதவிக்கு அழகல்ல என்று கருதினார் போலும்.

என் பக்கத்தில் கீழக்கரை நண்பர் ஒருவர் அமர்ந்திருந்தார்; அவ்வூர் வழக்கப்படி 'காக்கா', அதாவது அண்ணன், என்றே எல்லோரும் அவரை அழைப்போம். வளைகுடாவில் நெடுங்காலம் வணிகம் செய்தவர்; கஞ்சி மடிப்பு கலையாத வெள்ளை வேட்டிக்காரர். இரத்தக் கொதிப்புக்காகக் காலையில் நீர் மாத்திரை சாப்பிட்டிருந்தார். உச்சிப்புளியில் கழிப்பறை வரிசையில் அவர் முறை வருமுன் விசில் ஒலித்துவிட்டது. மண்டபம் ஊரை நெருங்கும்போது என் கையைப் பிடித்தார்.

"சார், இனிமே தாங்காது. பின்னால பொம்பளையாளுக இருக்காக. இந்த வயசுல என்னைய அசிங்கப்பட வச்சிராதீக."

நான் எழுந்து, தலைவரிடம் உரிய சொற்களில் எடுத்துரைத்தேன்.

"ஒருத்தருக்கு நிப்பாட்டினா எல்லாருக்கும் நிப்பாட்டணும் சார்."

"எல்லாருக்குந்தானய்யா வேணும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"யாரு அது? அடுத்த வருசம் வரணுமா, வேண்டாமா?"

குரல் கொடுத்தவர் இருக்கைக்குள் குனிந்துகொண்டார். அவர் என் பக்கம் திரும்பினார். "விதிய எழுதுனது நீங்கதான? 'அவர் முடிவே இறுதியானது'ன்னு போட்டிருக்கீகள்ல? உக்காருங்க."

உட்கார்ந்தேன். அந்த வாக்கியத்தின் நடை அப்போது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பாம்பன் பாலத்தில் ஏறியதும் வேன் ஊரத் தொடங்கியது. முன்னே சென்றவர்கள் ரயில் பாலத்தைப் படமெடுக்கக் கார்களை ஓரங்கட்டியிருந்தார்கள். நண்பர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டசைவில் ஓதிக்கொண்டிருந்தார். முன் இருக்கையிலும் ஓர் அசைவு தெரிந்தது. தலைவர் கால்மேல் கால் போட்டார், மாற்றிப் போட்டார், ஓட்டுநரின் காதில் ஏதோ சொன்னார்.

"பாலத்துல நிப்பாட்டக் கூடாது சார், கேஸ் போட்டுருவாங்க" என்றார் ஓட்டுநர், ஊருக்கே கேட்கும்படி.

சர்பத்தும் இளநீரும் மோரும் ஒன்றுகூடிக் கலகத்தில் இறங்கிவிட்டன என்பது எல்லோருக்கும் புரிந்தது. நண்பர் தம் வேதனையையும் மறந்து குரல் கொடுத்தார்.

"தலைவரே, ஒருத்தருக்கு நிப்பாட்டினா எல்லாருக்கும்ல நிப்பாட்டணும்?"

"நிப்பாட்டலாம் காக்கா, எல்லாருக்கும் நிப்பாட்டலாம்" என்றார் அவர், திரும்பாமலே.

வேன் குலுங்கச் சிரித்தது. நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் இருந்த நிலையில் சிரிப்பு ஆபத்தானது.

பாலம் இறங்கியதும் ஒரு கட்டணக் கழிப்பறை தென்பட்டது. வேன் முழுதாக நிற்குமுன் தலைவர் பாய்ந்தார். விசில் கயிறு கதவின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. அவர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நண்பர் வேட்டியைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி அவரைக் கடந்து முதலாவதாக நுழைந்தார். சற்று நேரத்தில் வேட்டியும் மானமும் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தன.

பட்டவர் திருந்தியிருப்பார் என்று எதிர்பார்த்தேன். பணிவு குறித்து இரண்டு வாக்கியங்களைக்கூட மனத்தில் அமைத்து வைத்திருந்தேன். தலைவர் ஏறினார், சிக்கெடுத்த விசிலைக் கழுத்தில் நேராக்கினார்.

"எல்லாருக்கும் சௌரியமா இருக்கட்டும்னுதான் பாம்பன்ல ஒரு ஸ்டாப் போட்டுருந்தேன். முன்னாடியே பிளான் பண்ணுனது."

சர்பத் வாங்கிக் கொடுத்தவர் முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டியதாக நண்பர் இன்றும் சொல்லித் திரிகிறார். வேனுக்குள் கொசு இருந்தது. தவிர, திரும்பும்போதும் அதே பாலத்தைத்தான் கடக்க வேண்டியிருந்தது. விசில் அவர் கழுத்திலேயே இருந்தது.