பார்வைக்கு வைத்த கோப்பை

டைல்ஸ் கடையில் ஈரத்துணிக்குத் தனி மரியாதை உண்டு. சுமாரான ஒரு டைல்ஸை எடுத்து ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், நிறம் ஆழமாகும், பளபளப்பு ஏறும், வாங்க வந்தவர் வாயைப் பிளப்பார். ஈரம் காய்வதற்குள் பில் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. அந்த வித்தையில் கைதேர்ந்தவர் கடையின் மூத்த விற்பனையாளர். கூட வேலை பார்ப்பவர்கள் முகத்துக்கு நேரே அவரை ‘சார்’ என்பார்கள். முதுகு திரும்பினால் ‘மினுக்கண்ணன்’.

துடைத்துத் துடைத்து அந்த ஈரத்துணி அவருடைய வாழ்க்கையிலேயே ஒட்டிக்கொண்டது. கண்ணில் எந்தக் கோளாறும் கிடையாது, ஆனாலும் கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி. எதிர்முனையில் ஆளே இல்லாத போனில் இங்கிலீஷில் நீளமாகப் பேசுவார். வீட்டு அலமாரியில் தடித்தடியாகப் புத்தகங்கள் நிற்கும். சுவரின் நிறத்துக்கு அட்டை பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கியவை. சோபாவின் பாலித்தீன் உறையை விருந்தாளி வரும்போது மட்டும் கழற்றி, அவர் செருப்பு மாட்டுவதற்குள் மறுபடி மாட்டிவிடுவார். அவருடைய அப்பா குவாரியில் கல் உடைத்தவர். யாராவது கேட்டால், “அப்பா கட்டுமானத் துறைல இருந்தாங்க” என்பார். வெயிலில் நின்று கல் உடைத்துப் பிள்ளையைக் காலேஜ் வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்த மனிதரை ‘துறை’ என்ற ஒரு சொல்லுக்கு அடியில் புதைத்துவிட அவருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

ஊரின் மறுகோடியில் கடைக்குப் புதுக் கிளை திறப்பதாக இருந்தது. அதன் மேனேஜர் நாற்காலிக்கு இரண்டு பேர் பெயர் அடிபட்டது. ஒன்று மினுக்கண்ணன். இன்னொன்று கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. அந்த அக்காவுக்கு வேலை தெரியும், சிரிக்கத் தெரியாது. முடிவு செய்ய வேண்டியவர் தலைமை அலுவலகத்துப் பெரிய சார். அந்த நாற்காலிக்காக மினுக்கண்ணன் எதையும் செய்யத் தயாராக இருந்தார், வேலை ஒன்றைத் தவிர.

பெரிய சார் ஒரே ஒரு தடவை வெளிநாடு போய் வந்தவர். அங்கே ஏர்போர்ட் ஹோட்டலில் சாக்லேட்டும் காப்பியும் கலந்த ஒரு காக்டெய்ல் குடித்தாராம். அதற்குப் பிறகு நடந்த எந்தக் கூட்டமும் அந்தக் கோப்பையைத் தொடாமல் முடிந்ததில்லை. விற்பனை சரிந்தாலும் அந்தக் காக்டெய்ல், ஏறினாலும் அந்தக் காக்டெய்ல். “அந்த ருசி இங்க ஒருத்தனுக்கும் வராதுய்யா” என்று முடிப்பார்.

அப்படி ஒரு கூட்டத்தில் மினுக்கண்ணனின் வாய் சும்மா இருக்கவில்லை.

“அதுவா சார்? நம்ம வீட்ல அடிக்கடி போடுறதுதானே!”

“அட, நெஜமாவா? அப்ப ஞாயித்துக்கெழம சாயந்திரம் வந்துடுறேன்.”

மினுக்கண்ணன் ஆயுளில் பீர்கூட முகர்ந்து பார்த்ததில்லை.

வீட்டில் போனைச் சுவரோரம் சாய்த்து வைத்து, வீடியோ பார்த்துப் பயிற்சி தொடங்கியது. கெட்டியான காப்பி, உருக்கிய சாக்லேட், வோட்கா, காப்பி மணக்கும் இனிப்பு மது, ஐஸ். எல்லாவற்றையும் மூடிபோட்ட பாத்திரத்தில் குலுக்கி வடிகட்டினால் மேலே தடிப்பாக நுரை நிற்க வேண்டும். காப்பியை நன்றாக ஆறவிடச் சொல்லியிருந்தார்கள். ஆற விடுவதற்கு இவருக்குப் பொறுமை ஏது? கொதிக்கிற காப்பியை எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, திருகி, தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கினார். மூடி துப்பாக்கிக் குண்டுபோலப் பறந்தது. அடுக்களைக் கூரையில் பழுப்பாக ஒரு கறை.

மருந்துக்கடையில் வேலை முடித்து வந்த மனைவி கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“ஏங்க, அங்கயும் ஒரு டைல்ஸ் ஒட்டிடுங்க. யாரும் கேட்டா டிசைன்னு சொல்லிக்கலாம்.”

“ஒனக்கு என்ன தெரியும்? இது பெரிய எடத்துச் சமாச்சாரம்.”

“தெரியாதுதான். ஒரு காப்பி ஒழுங்கா போடத் தெரியாத மனுஷன் சாராயத்துக்கும் சாக்லேட்டுக்கும் கல்யாணம் பண்ணி வைக்கிறாரு. பாக்கக் குடுத்து வச்சிருக்கணும்ல?”

அடுத்த தடவை காப்பி ஆறியது, சாக்லேட் காலைவாரியது. ஐஸ் பட்டதும் இறுகி, ஆட்டுப்புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாக மிதந்தது. அதையும் ஒருவழியாகச் சரிக்கட்டினார். கொஞ்சம் சூடான காப்பியிலேயே சாக்லேட்டைக் கரைத்து, பிறகு ஆறவைத்தால் திரளவில்லை. நுரைதான் பிடிகொடுக்கவில்லை. பாட்டிலைத் திறந்ததும் எட்டிப் பார்க்கும், கோப்பைக்கு வருவதற்குள் செத்துவிடும். ருசி எப்படி என்று அவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. எந்த டைல்ஸை அவர் தன் வீட்டுத் தரையில் போட்டு நடந்து பார்த்திருக்கிறார்?

சனிக்கிழமை மனைவியின் தம்பி வந்தான். விளம்பரத்துக்குப் பொருள்களைப் படமெடுக்கும் ஸ்டூடியோவில் அவனுக்கு வேலை. மாமாவின் முகவாட்டத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டான், வயிறு குலுங்கச் சிரித்தான்.

“மாமா, விளம்பரத்துல வர்ற நுரையெல்லாம் குடிக்கிற நுரைன்னா நெனச்சீங்க? பாத்திரம் வெளக்குற சோப்புத் தண்ணி. ரெண்டு சொட்டு விட்டுக் கலக்குனா பொழுது சாயுற வரைக்கும் அப்படியே நிக்கும்.”

“மாப்ள, நீ ஒருத்தன்தான்டா இந்த வீட்ல மனுஷன்!”

“யோவ் மாமா, படம் எடுக்கத்தான் சொன்னேன். குடிச்சு வச்சிடாதீங்க.”

மினுக்கண்ணன் என்ன முட்டாளா? கடை நடைமுறை அவருக்குத் தெரியாததா? கண்ணாடிக்குப் பின்னால் விளக்கடியில் நிற்கும் மாதிரி டைல்ஸ் வேறு, கிடங்கிலிருந்து வண்டியில் ஏறும் சரக்கு வேறு. வீட்டிலும் அதே ஏற்பாடு. கூடத்து மேசையில் விளக்கடியில் சோப்பு நுரையோடு ஒரு கோப்பை நிற்கும், பார்வைக்கு மட்டும். சார் பார்த்து மலைப்பார். குடிக்கிற கோப்பை அடுக்களையிலிருந்து வரும். அதில் நுரை செத்திருந்தாலும் முதலில் பார்த்தது கண்ணில் நிற்கும். ஈரம் காய்வதற்குள் பில்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய சார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். ஓசியில் கிடைக்கும் எதற்கும் அவர் தாமதித்ததில்லை. மினுக்கண்ணன் அடுக்களையில் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தார், சோபாவில் உறை அப்படியே இருந்தது. ஓடிவந்து பார்த்தபோது பெரிய சார் மேசைக்கு முன்னால் நின்றார். கோப்பையின் உள்பக்கம் சாக்லேட் கோடுகள் கொடிபோல ஏறியிருந்தன. மேலே நுரை கல்போல நின்றது.

“அடேயப்பா! என்னய்யா இது, அச்சு அசல் அதேதான்!”

“சார்... அது... சும்மா பார்வைக்கு...”

“பார்வைக்கா? என் பார்வைக்குத்தானே? அப்ப எனக்குத்தான்.”

கை நீண்டது. கோப்பை உயர்ந்தது.

அடுக்களை வாசலில் நின்ற மனைவிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “சார், அத வச்சிடுங்க. அது வேண்டாம், வேற எடுத்துட்டு வர்றேன்” என்று ஓடிவந்தார். மினுக்கண்ணன் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். ‘வாயத் தெறந்த, நாற்காலி போச்சு’ என்று எழுதி ஒட்டியதுபோல இருந்தது அந்தப் பார்வை. சோப்பு என்ற ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கட்டிய மனைவியே வழி திறந்துவிட்டும் அந்த மனிதர் அதைச் சொல்லவில்லை.

“இருக்கட்டும்மா, இதுவே போதும்” என்றார் பெரிய சார். ஒரு வாய் இழுத்தார். மீசையில் நுரை அப்பியது. கண்ணை மூடினார். தொண்டை ஏறி இறங்கியது. மினுக்கண்ணனுக்கு வேர்த்து, மூக்குக்கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கியது.

“ம்... கடைசில லேசா ஒரு எலுமிச்ச வாசம் வருது பாத்தியா?”

“வ... வருது சார்.”

“அதான்யா! அதேதான்! ஏர்போர்ட்லயும் இதே வாசம்தான். இங்க உள்ளவனுங்க சாக்லேட்டும் காப்பியும் கலந்துட்டு அதோட விட்டுடுறானுங்க. இந்த எலுமிச்ச பிடிபடணும்னா நாலு எடம் போயிருக்கணும்.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். பெரிய சார் ஏர்போர்ட்டில் குடித்தாரோ, பக்கத்து மேசைக்காரர் குடித்ததைப் பார்த்தாரோ, அது அவருக்கே வெளிச்சம். கோப்பையைக் காலிசெய்தார். நல்லபடியாகக் கலந்த இரண்டாவது கோப்பையை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

“இது என்னய்யா, வெறுங்காப்பி மாதிரி இருக்கு? மொதல்ல குடுத்ததுலதான் கைப்பக்குவம்.”

சில நாளில் புதுக் கிளையின் கண்ணாடி அறையில், சுழலும் நாற்காலியில் மினுக்கண்ணன் உட்கார்ந்தார். கிடங்கு அக்கா கிடங்கிலேயே இருந்தார். நாற்காலி கிடைத்த பெருமையோடு கதை முடிந்திருந்தால் மினுக்கண்ணனுக்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் பெரிய சார் கிளையைப் பார்க்க வந்த கையோடு, சாயங்காலம் வீட்டுக்கும் வந்தார்.

இந்தத் தடவை மினுக்கண்ணன் உஷாராக, உண்மையான எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்டிருந்தார். பெரிய சார் உறிஞ்சிவிட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

“அன்னைக்கு இருந்த அந்த வழவழப்பு எங்கய்யா? மேனேஜர் ஆனதும் கை மாறிப்போச்சோ? ஆளையும் மாத்திடலாமா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மினுக்கண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“இப்பவே வேற போட்டுக் கொண்டுவர்றேன் சார்.”

“ஒனக்கும் சேத்துக் கொண்டா. தனியாக் குடிச்சா எறங்க மாட்டேங்குது. ரெண்டுலயும் அதே பக்குவம் இருக்கணும், தெரியுதா? நான் ரெண்டையும் ருசி பாப்பேன்.”

அடுக்களைக்குள் மனைவி தயாராக நின்றார். கூரைக் கறைக்கு நேர் கீழே இரண்டு கோப்பைகள், நடுவில் பாத்திரம் விளக்கும் சோப்பு பாட்டில்.

“என்னங்க அப்படிப் பாக்குறீங்க? பெரிய எடத்துச் சமாச்சாரம்னு நீங்கதானே சொன்னீங்க. நான் அன்னைக்கே தடுத்தேன். இன்னைக்குத் தடுக்க மாட்டேன். இப்பவும் போய் உள்ளதச் சொல்லிடலாம், கதவு தெறந்துதான் இருக்கு.”

கூடத்திலிருந்து, “என்னய்யா ஆச்சு?” என்ற குரல் வந்தது.

மினுக்கண்ணன் கதவைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். பிறகு, டைல்ஸில் ஈரத்துணி இழுக்கும் அதே லாவகத்தோடு அதை இரண்டு கோப்பைகளிலும் கவிழ்த்தார்.

கூடத்தில் இரண்டு கோப்பைகளும் மோதிக்கொண்டன. பெரிய சார் கண்ணை மூடி ரசித்துவிட்டு, “எப்படி?” என்றார்.

“பிரமாதம் சார்” என்றார் மினுக்கண்ணன். அந்த ஒரு சொல்லோடு உதட்டோரத்தில் ஒரு குமிழி கிளம்பியது. அது உடையவே இல்லை.