சாட்டிலைட் காட்டிய மாட்டுக் கொட்டாய்

போர் போட இடம் குறித்துக் கொடுக்கிற உத்தியோகத்தில், தண்ணீர் வந்தால் சாமி புண்ணியம், வராவிட்டால் சார் செய்த பாவம். ஊருக்கு நல்லது செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொண்ட உங்களுக்கெல்லாம் இது புரியும். தொண்ணூறுகளின் கடைசியில் திருவண்ணாமலை வேங்கிக்காலில் எனக்கு நிலவியலாளர் வேலை. செயற்கைக்கோள் விண்ணிலிருந்து எடுத்த படத்தில் தண்ணீர் தங்கும் பாறை வெடிப்புகள் கோடுகோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போய், தரையில் மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கும் மீட்டர் வைத்துச் சோதித்து, இடத்தைச் சொல்ல வேண்டும்.

மேஜைமேல் மலை

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். ஏற்கெனவே போட்ட இரண்டு போரிலும் வெறும் புழுதி. குடிதண்ணீர் கொண்டுவருவேன் என்று சொல்லி ஜெயித்த ஊராட்சித் தலைவர் பச்சையம்மாள், இதுவும் பொய்த்தால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று என் ஆபீசுக்கே வந்து புலம்பினார்.

படத்தை மேஜையில் விரித்தேன். ஃபேன் காற்றில் சுருண்டுகொண்டது. ஓரத்தில் டீ டம்ளரை வைத்தேன். "அதுங்கீழ என்ன சார், மேடாட்டம்?" என்றார் பச்சையம்மாள். "நம்ம அண்ணாமலைங்க" என்றேன் பெருமையாக. அவர் சட்டென்று செருப்பைக் கழற்றினார்.

"சாமி தலைமேல டீயை வெச்சுட்டுத் தண்ணி எங்கேருந்து சார் வரும்? எடுங்க மொதல்ல!"

சிவப்பு வேர்க்கடலை

தேர்தலில் பச்சையம்மாளிடம் தோற்றவர் துரைசாமி. அவரும் படம் பார்க்க வந்தார். அவருடைய வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டினேன். இந்த வகைப் படத்தில் பயிர் சிவப்பாகத்தான் தெரியும் என்று தொண்டை வற்ற விளக்கினேன்.

"என் மல்லாட்டை பச்சைப்பசேல்னு நிக்குது. அதையே சிவப்புன்னு சொல்ற மிஷினு, தண்ணி இருக்குதுன்னா நான் நம்பணுமா?"

கொஞ்சம் தள்ளி

படத்தின் கோடும் என் மீட்டரும் ஒத்துப்போன ஒரே இடம் எது தெரியுமா? சாட்சாத் துரைசாமியின் மாட்டுக் கொட்டாய்! தேர்தலிலிருந்து இருவருக்கும் பேச்சே கிடையாது. பச்சையம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது.

"அந்த மனுசன்கிட்ட நான் போய் நிக்கணுமா? சாட்டிலைட்டைக் கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கச் சொல்லுங்க சார்!"

போர் லாரி வந்த நாள்

ஆனாலும் மறுநாள் அவரே போய்க் கேட்டுவிட்டார். துரைசாமி மாடுகளை அவிழ்த்து வேறிடத்தில் கட்டி, கூரையையும் பிரித்துப் போட்டார்.

லாரி வந்தது. கற்பூரம் காட்டித் துளைபோட ஆரம்பித்தார்கள். வெள்ளைப் புழுதி கிளம்பியது. நேரம் போகப் போக அதே புழுதிதான். எனக்குப் பச்சையம்மாள் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. அப்புறம் புழுதி சேறாகி, சேறு தண்ணீராகி, பக்கத்து வேப்பமர உயரத்துக்குப் பீய்ச்சியது. பச்சையம்மாள் சேற்றில் நின்றபடியே அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. துரைசாமி மட்டும் நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஜனங்க அந்தம்மாவுக்கு ஓட்டுப் போட்டாங்க, சாட்டிலைட்டு எனக்குப் போட்டுடுச்சி!"

ஆகாயத்திலிருந்து தண்ணீரைக் கண்டுபிடிப்பது விஞ்ஞானிகள் பாடு, அதை வெளியே எடுக்க இரண்டு வீட்டுக்காரர்களைப் பேசவைப்பதுதான் ஐயா எங்கள் பாடு.