மாரி என்ற பெயர்

கொரோனா ஓய்ந்து அலுவலகம் முழுதாகத் திறந்த வாரம் அவள் எங்கள் பிரிவில் சேர்ந்தாள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமத்துப் பெண். முதல் வேலை. பெயர் கேட்டதற்கு "மாரி" என்றாள்.

இரண்டு வருடமாக மலையாளப் பத்திரிகைகள் அந்தக் கொள்ளைநோயை 'மகாமாரி' என்றே எழுதிக்கொண்டிருந்தன. நான் எழுந்து நின்று, "மகாமாரி எத்திப்போயி! எல்லாரும் மாஸ்க் இட்டோ!" என்றேன், மகாமாரி வந்தாச்சு, மாஸ்க் போட்டுக்கோங்க என்று. பிரிவே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அந்த அறையில் அவளைத் தவிரத் தமிழ் வீட்டில் பிறந்தவள் நான் ஒருத்திதான். மாரி என்றால் மழை என்று தெரிந்தேதான் சொன்னேன். அன்றிலிருந்து அவள் 'மகா' ஆனாள். யாராவது தும்மினால்கூட அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அடுத்த வருடம் ஒரு படிவத்தோடு என் மேசைக்கு வந்தாள். பெயரை மாற்றிக்கொள்ள விண்ணப்பம். மேலதிகாரி என்ற முறையில் நான் கையெழுத்திட வேண்டும். காரணம் என்ற இடத்தில், 'கூப்பிட வசதியாக' என்று எழுதியிருந்தாள்.

"நல்ல பேர்தானேடி? எதுக்கு மாத்தறே?"

"மூணு வருசமா மழையில்லாம கெடந்துச்சாம் மேடம். நான் பொறந்த அன்னைக்குக் கொட்டுச்சாம். அப்பா ஆசையா வச்ச பேரு." படிவத்தை என் பக்கம் நகர்த்தி, "இங்க அதச் சொன்னா யாருக்குப் புரியும்?" என்றாள்.

எனக்குப் புரியும் என்று சொல்லியிருக்கலாம். மன்னிப்பும் கேட்டிருக்கலாம். கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை ஸ்ரீவராகத்தில் இருக்கும் என் வீட்டில் போனில் அந்தப் பெயரைத் தேடினேன். எஸ்தோனிய மொழியில் மாரி என்றால் சிறு பழம். பின்லாந்தில் அது மேரியின் இன்னொரு வடிவம். ஸ்பெயினின் வடக்கு மலைகளில் பாஸ்க் மக்களுக்கு மாரி ஒரு தேவி. புயலும் மழையும் அவள் கையில். நம்மூர் அம்மனைப்போலவே. மலையாளத்திலும் மாரி மழைதான். அத்தனை அர்த்தங்களில் நோயைத் தேடி எடுத்து அவளுக்குக் கொடுத்தவள் நான்.

போன மாதம் அவள் விடுப்பில் இருந்தபோது அலுவலக போன் அடித்தது.

"மாரிக்க அம்மை பேசுதேன். அவ போன எடுக்கல, ஆபீஸுல இருக்காளா?"

"இன்னிக்கு லீவும்மா."

"நீங்க தமிழா? ஒண்ணு கேக்கட்டா? எதுக்குப் பேர மாத்துனேன்னு கேட்டா சொல்லவே மாட்டேங்கா. அவ அப்பாவுக்கு ஒரே வெசனம். உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.