நகத்துக்குள் இருந்தது

நம்பாதவர்கள் நம்பாமலே போகலாம். பேய் என்ற சொல்லைக் கேட்டாலே எரிந்து விழுகிற துஷாந்தினிக்கு, போன வருடம், பட்டப்பகலில் நடந்தது இது.

ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை. குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் துணி இழைகளைப் பார்த்து, எது எதிலிருந்து வந்தது, எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

பூனாகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த விஜயலெட்சுமி பள்ளத்தில் பிணமாகக் கிடந்தாள். அவளுடைய மெரூன் கம்பளிச் சட்டையின் இழைகள் தோட்டத்து உதவி அதிகாரியான சின்னத்துரையின் ஜீப்பில், முன் இருக்கையில் ஒட்டியிருந்தன. பண்டாரவளை டவுனுக்கு ஏற்றிப்போய் இறக்கிவிட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். அந்த ஒரு பதிலில் இழைகள் ஒன்றுக்கும் உதவாமல் போயின. அவள் அங்கே உட்கார்ந்ததற்கு மட்டும்தான் அவை சாட்சி.

துஷாந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க விஜயலெட்சுமியின் மற்ற உடுப்புகளைத் தேடித் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனாள். தாய் இராக்கம்மா உடுப்புப் பையை அவள் காலடியில் வீசினாள்.

"ஏத்திக்கிட்டுப் போனாராமா? வண்டி வாசம் பட்டாலே வாந்தி எடுப்பா எம்மக. எங்கயும் நடந்தேதான் போவா. நான் சொன்னா, தாய்க்காரி அப்புடித்தான் சொல்லுவாங்குறாங்க. ஒங்க மிசினாவது வாயத் தொறக்குமா?"

துஷாந்தினி குனிந்து பையை எடுத்துக் கட்டி, வேனின் பின்புறம் வைத்தாள்.

திரும்பும்போது பிற்பகல் மூன்று மணி இருக்கும். பனிமூட்டம் பாதையை மூடிவிட்டது. சாரதி பர்ஹான் வேனை ஊர்ந்து ஓட்டினான்.

பர்ர்...

பின்பக்கமிருந்து.

பர்ர்... பர்ர்...

"மிஸ், பின்னுக்குப் பூனை கீனை ஏறிச்சா?"

இறங்கிப் பின்கதவைத் திறந்தான். உடுப்புப் பை மட்டும் கட்டியபடியே கிடந்தது. கதவை மூடி வேனை எடுத்தான்.

பர்ர்... பர்ர்... பர்ர்...

இப்போது வேகமாக. நகங்களால் பிறாண்டுகிற மாதிரி.

கூடவே மூச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற, ஆத்திர மூச்சு.

"அல்லாவே... மிஸ், ஒங்களுக்கும் கேக்குதுதானே?"

"கேக்குது. நிப்பாட்டாதீங்க."

அந்தச் சத்தத்தில் அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாக வந்தது.

நகம்.

பிரேதப் பரிசோதனையில் வெட்டியெடுத்த நகங்கள் முத்திரையிட்ட பொதியில் கிடந்தன. அவற்றை யாரும் ஆய்வுக்குக் கேட்கவே இல்லை.

மறுநாள் பிரித்துப் பார்த்தாள். நகங்களுக்குள் சாம்பல் நிற நைலோன் இழைகள் அடைந்திருந்தன. ஜீப்பின் பின்புறம், சாமான் வைக்கும் இடத்து விரிப்பின் இழைகள். சும்மா உரசி ஒட்டிய இழை முழுதாக இருக்கும். இவற்றின் நுனிகள் பிய்ந்திருந்தன. விரிப்பிலும் பிடுங்கிய தடம் இருந்தது.

முன் இருக்கையில் உட்கார்ந்து போனவளுக்கு அந்த விரிப்பு எட்டாது.

பிணம் பிறாண்டாது.

உயிரோடு போட்டு அடைத்திருக்கிறான்.

அறிக்கை எழுதும்போது அவள் அழுத்திய அழுத்தில் பேனை முனை தாளைக் கிழித்தது.

அதைக் காட்டியதும் சின்னத்துரை பொலிஸில் வாய் திறந்தான். ஜீப்புக்குள் இழுத்து அடித்தானாம். செத்துவிட்டாள் என்று நினைத்துப் பின்னால் போட்டானாம். பாதி வழியில் சத்தம் கேட்டதாம்.

"கேட்டு என்ன செய்தாய்?" என்று பொலிஸ்காரர் கேட்டிருக்கிறார்.

"ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தேன்."